நாள்பட்ட ரத்தப் புற்றும் தொடர் கவனிப்பும்: திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியை முன்வைத்து

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்று (மருத்துவமனைச் சீட்டுகளில் சி.எம்.எல்.) என்பது எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்கள் வரம்பின்றிப் பெருகுவதால் வரும் நோய். 2001-க்கு முன்பு இந்நோய் கண்டறியப்பட்ட பெரும்பாலோர் சில ஆண்டுகளில் இறந்தனர். இன்று நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு, குறித்த காலத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வோரில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார்கள், பேரன் பேத்தி காண்கிறார்கள். மாத்திரையின் விலை இறங்கிய வரலாறு ஓரளவு அறியப்பட்டது. அதில் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. அந்த மாத்திரையை விடாமல் உட்கொள்ளவைக்கும் கவனிப்பு நோயாளியின் ஊருக்கு எவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறது என்பது அதிகம் எழுதப்படாதது. திருப்பூர், அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் என விரியும் பின்னலாடைப் பகுதி அதைப் பார்ப்பதற்கு ஏற்ற இடம். இங்கே பெரும்பாலான தொழிலாளருக்கு ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று என்று பொருள்.

வெள்ளை ரத்தம்

1845-இல் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட்டும் பெர்லினில் ருடால்ப் விர்ச்சோவும் தனித்தனியே ஒரே வகை நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மண்ணீரல் பெருத்து வயிறு புடைத்திருந்தது. ரத்தம் சீழ் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. 'வெள்ளை ரத்தம்' என்ற பொருளில் 'லூக்கீமியா' என்னும் பெயரை இட்டவர் விர்ச்சோ. அடுத்த நூறாண்டில் கொடுக்கப்பட்டவை ஆர்சனிக் கரைசலும், மண்ணீரலின் மேல் பாய்ச்சிய எக்ஸ் கதிரும்தான். 1953-இல் புசல்பான் மாத்திரை வந்தது. பிறகு ஹைட்ராக்சியூரியா, இன்டர்பெரான் ஊசி. இவை வெள்ளணு எண்ணிக்கையைக் குறைத்தன. இன்டர்பெரான் ஒரு சிலருக்கு ஆயுளையும் நீட்டியது. ஆனால் ஊசி போட்ட ஒவ்வொரு முறையும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கியபின், ஒத்துப்போகும் உடன்பிறப்பும் கையில் பணமும் உள்ளவர்களுக்கு ஒரு வழி பிறந்தது. இரண்டும் சேர்ந்து அமைந்தவர்கள் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை.

நோயின் காரணம் பிலடெல்பியாவில் பிடிபட்டது. 1960-இல் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு இருவரும் இந்நோயாளிகளின் அணுக்களில் வழக்கத்தைவிடச் சிறிய ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 1973-இல் ஜேனட் ரௌலி என்ற பெண் ஆய்வாளர், 9-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டதால் வந்த விளைவு அது என்று காட்டினார். பள்ளியில் குரோமோசோம் பாடம் 23 இணைகளை எண்ணியதோடு முடிந்துவிடும். துண்டுகள் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இரண்டு துண்டும் சேர்ந்த இடத்தில் பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்ற புதிய மரபணு உருவாகிறது. அது தரும் புரதம், அணுக்களுக்குப் 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் கட்டளையிடுகிறது. அந்தப் புரதத்தின் வாயை அடைக்கும் மருந்தே இமாட்டினிப். பிரையன் டிரக்கர் 1998 ஜூனில் முதல் நோயாளிக்கு அதைக் கொடுத்தார். 2001 மே 10 அன்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதல் பெரிய ஆய்வில் இம்மருந்தைத் தொடங்கியவர்களில் 83 விழுக்காட்டினர் பத்தாண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர்.

சென்னையில் தொடங்கிய வழக்கு

நோவார்ட்டிஸ் நிறுவனம் இம்மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. அப்போது இந்தியச் சட்டத்தில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. விண்ணப்பம் காத்திருப்பில் கிடந்தது. இடையில் 2003 நவம்பரில் நிறுவனத்துக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. அதை வைத்துச் சில இந்திய நிறுவனங்களின் மருந்தை நீதிமன்றத் தடை மூலம் நிறுத்தவும் செய்தது. நிறுவனத்தின் மருந்து மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்கள் அதே மருந்தை 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கொடுத்துவந்தன.

2005-இல் சட்டம் திருத்தப்பட்டு மருந்துக்கும் காப்புரிமை வந்தபோது, பழைய பொருளின் புதிய வடிவம் கூடுதல் பயன் தந்தாலொழியக் காப்புரிமை இல்லை என்ற 3(டி) பிரிவும் சேர்க்கப்பட்டது. புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒன்றும் இந்திய மருந்து நிறுவனங்களும் எதிர்மனு கொடுத்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்தப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கை, 2007 ஆகஸ்டு 6 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு தள்ளுபடி செய்தது. காப்புரிமை மறுப்பின் மீதான கடைசி மேல்முறையீட்டை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் தள்ளியது. 2015-இல் உலக சுகாதார நிறுவனம் இமாட்டினிப்பை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

நிறுவனத் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். 2002 முதல் மேக்ஸ் அறக்கட்டளை வழியாக இந்தியாவில் அது இலவசமாக மருந்து கொடுத்துவந்தது. தீர்ப்பு வந்த காலத்தில் 16,000-க்கும் மேற்பட்டோர் பெறுவதாக அது கணக்குச் சொன்னது. இலவச மருந்தால் உயிர் பிழைத்தவர்கள் ஏராளம், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த மருந்து, திட்டத்தில் பதிவுபெற்ற மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கே வந்தது. அதை வாங்க நோயாளி அங்கே போகவேண்டும். சி.எம்.எல். நோயாளி என்றால் சென்னை, வேலூர், கோவை என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவர் என்ற நிலை இப்படித்தான் பழகிப்போயிற்று. விலை இறங்கியபின்னும் அந்தப் பழக்கம் இறங்கவில்லை.

உழைக்கும் வயதின் நோய்

மேலை நாடுகளில் இந்நோய் பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதில் கண்டறியப்படுகிறது. இந்திய மருத்துவமனைகளின் பதிவுகளில் அது முப்பதுகளின் பிற்பாதியிலும் நாற்பதுகளிலும் வருகிறது. டைலர், கட்டிங் மாஸ்டர், செக்கிங் பெண், சாயப்பட்டறை ஆள் எல்லோரும் இருக்கும் வயது அதுவே. அயர்ச்சி, எடைக் குறைவு, இடப்பக்க விலாவுக்குக் கீழே கனம், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த உணர்வு என்று தொடங்கும். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்கு அயர்ச்சி ஒரு நோயாகத் தோன்றாது. 'வேலை அதிகம்' என்று போய்விடும். பலருக்கு வேறெதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரிகிறது. வெள்ளணு 4,000 முதல் 11,000 வரை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று காட்டும்.

சாயத் தண்ணீரால் வந்ததா என்ற கேள்வி இப்பகுதியில் உடனே எழும். நொய்யலின் கதி தெரிந்தவர்கள் கேட்பது இயல்பே. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்கு ஆறு கெட்டிருந்தது. ஆனால் சி.எம்.எல். நோய்க்கு ஐயமின்றி நிறுவப்பட்ட புறக்காரணம் மிகுந்த கதிர்வீச்சு ஒன்றே. ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களிடம் அது காணப்பட்டது. பென்சீன் போன்ற கரைப்பான்களோடு உறுதியாகத் தொடர்புபடுத்தப்பட்டது திடீர் வகை மைலாய்டு ரத்தப் புற்று. அது வேறு நோய். ஆற்றைக் காப்பாற்றுவதற்கு வேண்டிய காரணங்கள் நிறையவே இருக்கின்றன. இதையும் அவற்றோடு சேர்த்து நோயாளியைக் குழப்ப வேண்டியதில்லை. இந்நோய் ஒட்டுவதுமில்லை, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவதுமில்லை. பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்கும் ஊர்களில் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாள்பட்ட ரத்தப் புற்றில் நிணநீரணு வகை ஒன்றும் உண்டு. மேலை நாடுகளில் அதுவே அதிகம், நம்மிடம் குறைவு. முதியவர்களுக்கு வரும் அவ்வகையில் பல நேரம் மருந்தே தொடங்காமல், சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து, நெறிக்கட்டிகளைத் தடவிப் பார்த்து, தொற்று வராமல் காத்துக்கொண்டிருப்பார்கள். 'புற்று என்கிறீர்கள், மருந்து தரமாட்டேன் என்கிறீர்களே' என்று கலங்கும் குடும்பத்துக்குப் பக்கத்து மருத்துவரின் ஒரு வார்த்தை பெரிய ஆறுதல்.

ஒரு நாள் கூலி

திருப்பூரின் பனியன் தொழில் 1920-களில் சிறு அளவில் தொடங்கி, 1970-களின் இறுதியில் ஏற்றுமதிக்குத் திரும்பியது. வேலை பெரிய கம்பெனிக்குள் மட்டும் நடப்பதில்லை. நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், பேக்கிங் என ஒவ்வொன்றும் தனித்தனி ஜாப் ஒர்க் கூடங்களுக்குப் பிரிந்துபோகிறது. கூலி பெரும்பாலும் பீஸ் ரேட், சம்பளம் சனிக்கிழமை. ஏற்றுமதி ஆர்டர் முடியும் வாரத்தில் விடுப்புக் கேட்டால், அடுத்த வாரம் அந்த மெஷினில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. தமிழகத்தில் அது முதலில் தொடங்கியது இதே கொங்குப் பகுதியில், 1955 ஜனவரியில் கோயம்புத்தூரில். நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு உண்டு. புற்று உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு இரண்டாண்டு வரை 80 விழுக்காடு. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் அது படுத்துவிட்டவருக்காக வகுக்கப்பட்டது. புதிதாக எடுக்கும் விடுப்பில் முதல் இரண்டு நாள் காத்திருப்பு நாள். அதற்குப் பணம் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு நாள் கோவைக்குப் போய்வரும் சி.எம்.எல். நோயாளியின் கூலி அந்தக் காத்திருப்பிலேயே மறைந்துவிடும். சிகிச்சை பலித்து வேலைக்குப் போகிறவர் என்பதாலேயே அவருக்கு உதவி எட்டாமல் போகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியவர்களும், பத்துப் பேருக்குக் குறைவான கூடங்களில் வேலை செய்பவர்களும் பொதுவாக இதற்கு வெளியே. திருப்பூரில் 100 படுக்கை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2019 பிப்ரவரியில்தான்.

2009-இன் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய மருத்துவமனையின் கதவைத் திறந்தன. கதவு வரை போகும் செலவும் அன்றைய கூலியும் அவற்றின் கணக்கில் இல்லை. திருப்பூர் தனி மாவட்டமானது 2009 பிப்ரவரியில். அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது 2022 ஜனவரியில். அதுவரை பெரிய நோய் என்றால் கோவை பஸ்தான்.

ஒரு மாதத்தில் மூன்று மாத்திரை

கூலி போகுமே என்று ஒரு முறை போகாமல் விட்டால் என்ன ஆகிவிடும்? இதற்கு லண்டன் ஆய்வு ஒன்று விடை சொல்கிறது. 2010-இல் வெளியான அந்த ஆய்வில், 87 நோயாளிகளின் மாத்திரைப் புட்டிகளின் மூடியில் திறக்கும் நேரத்தைப் பதியும் கருவி பொருத்தப்பட்டது. சொன்ன மாத்திரையில் 90 விழுக்காட்டுக்கு மேல் உட்கொண்டவர்களில் ஆறாண்டில் நோய் ஆழமாக அடங்கும் வாய்ப்பு 94 விழுக்காடு; 90-ஐத் தாண்டாதவர்களில் 28 விழுக்காடு. 90 விழுக்காடு என்பது மாதத்துக்கு மூன்று மாத்திரை தவறுவது. நமக்கு அது ஒன்றுமில்லாததுபோல் படும். ஆடிக்கு ஊருக்குப் போனபோது மறந்தது ஒன்று, நைட் ஷிப்டில் சாப்பிடாததால் விட்டது ஒன்று, மாத்திரை தீர்ந்து அடுத்த அட்டை வாங்கப் போக முடியாமல் ஒன்று என்று எளிதில் சேர்ந்துவிடும்.

தொடர் கவனிப்பு என்பது பெரிய மருத்துவமனையில் மட்டுமே நடக்கக்கூடிய மாயவித்தை அன்று. தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்த அணு எண்ணிக்கை, பின்னர் மாதம் ஒருமுறை, நிலைத்தபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதோடு பி.சி.ஆர்-ஏ.பி.எல். அளவு: மூன்றாம் மாதம் 10 விழுக்காட்டுக்குள், ஆறாம் மாதம் 1 விழுக்காட்டுக்குள், ஓராண்டில் 0.1 விழுக்காட்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் மருந்து மாற்ற வேண்டியிருக்கும். அந்தக் கடைசிச் சோதனைக்கு மட்டும் பெரிய ஆய்வகம் தேவை. அதற்கும் போகவேண்டியது ஊதா மூடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம். ஓரிரு நாளில் போய்ச் சேர்ந்தால் போதும். ரத்தம் போகவேண்டிய இடத்துக்கு மனிதர் போய்க்கொண்டிருக்கிறார்.

மற்றவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யக்கூடியவை. ரத்த அணு எண்ணிக்கை பார்க்கலாம். இடது விலாவுக்குக் கீழே கைவைத்து மண்ணீரல் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். காலி அட்டைகளை வாங்கி எண்ணலாம். இது கிராம சுகாதார செவிலியருக்குக் கைவந்த கலை. மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு உட்கொள்ளச் சொல்லலாம். கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல், தோல் வெளுப்பு ஆகியவை மருந்தின் பக்க விளைவுகள் என்று சொன்னால், பயந்து நிறுத்துவோர் குறைவார்கள்.

பக்கத்து மருத்துவர் அறியாவிட்டால் ஆபத்தாகும் செய்திகளும் உண்டு. காசநோய் மருந்தான ரிபாம்பிசின், ரத்தத்தில் இமாட்டினிப் அளவை மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குறைத்துவிடும். இருமலோடு வருபவரிடம் சளியில் கிருமி கண்டவுடன் மருந்து தொடங்கும் நிலையத்தில், 'வேறு என்ன மாத்திரை உட்கொள்கிறீர்கள்' என்ற ஒரு கேள்வி விட்டுப்போனால் இரண்டாண்டு உழைப்பு வீண். இமாட்டினிப் உட்கொள்ளும் பெண் கருத்தரிக்கக் கூடாது. குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் திட்டமிட வேண்டும். இளம் பெண்கள் இவ்வளவு பேர் வேலை செய்யும் ஊரில், கருவுற்றோரைப் பதிவு செய்யும் செவிலியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மருந்து மாற்றப்பட்டவர்களுக்கும் அப்படியே: டாசாட்டினிப் உட்கொள்பவருக்கு மூச்சிரைத்தால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம், நைலோட்டினிப் சர்க்கரையை ஏற்றும், ரத்தக் குழாயை அடைக்கும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கத்தானே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது!

முன்பே நடந்தது

வீட்டிலிருந்தபடி நீண்டகால மருந்து என்பதை உலகுக்கு நிரூபித்ததே சென்னைதான். 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நெரிசலான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. பாதிப்பேர் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும். மறுபாதி வீட்டிலேயே மாத்திரையோடு. ஓராண்டு முடிவில் இரு பிரிவினருக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றே. 1959-இல் வெளியான அந்த முடிவுக்குப் பின் உலகெங்கும் சானடோரியங்கள் தேவையற்றுப் போயின. பெரிதாகப் பேசப்படாத இன்னொன்று உண்டு: வீட்டிலிருந்தவர்கள் மாத்திரை உட்கொள்கிறார்களா என்று சிறுநீர் சோதித்தும், சொல்லாமல் வீட்டுக்குப் போயும் ஓயாமல் பார்த்துக்கொண்டார்கள். எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் இதே பாதை. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டுமருந்து தாம்பரம் போன்ற சில இடங்களில்தான் கிடைத்தது. பின்னர் இணைப்பு மையங்கள் மூலம் மாத மாத்திரை வீட்டருகே வந்தது, சிக்கலான சோதனைகள் மட்டும் பெரிய மையத்தில் நின்றன.

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. வலி தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. நலமாக வேலைக்குப் போகும் ரத்தப் புற்று நோயாளி இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறார். 2023-இல் நான்கு மாவட்டங்களில் வீடுவீடான புற்றுநோய்க் கண்டறிதல் தொடங்கியது. ஈரோடு அவற்றில் ஒன்று. திருப்பத்தூர் இன்னொன்று (செய்தித்தாளில் அவசரமாகப் படிப்பவர்கள் அதைத் திருப்பூர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்). அது வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுக்கானது.

இதற்குத் தனித் திட்டம் எதுவும் தேவை என்று தோன்றவில்லை. பெரிய மருத்துவமனை மருத்துவர் ஒரு பக்க அளவில் எழுதித்தரும் அட்டை வேண்டும்: மருந்தின் பெயர், அளவு, கடைசிப் பரிசோதனை எண், எந்த எண்ணுக்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்தி எங்களிடம் அனுப்ப வேண்டும் என்ற குறிப்பு, சேர்த்துக் கொடுக்கக்கூடாத மருந்துகள், ஒரு தொலைபேசி எண். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்யும் தொழிலாளிக்கு அந்த அட்டையில் அவர் மொழியும் வேண்டும். அவர் ஹோலிக்கோ சத் பூஜைக்கோ ஊருக்குப் போய் ஒரு மாதம் தங்கும்போது கையில் இருக்கப்போவது அது ஒன்றுதான்.

மாத்திரையை நிறுத்துதல்

2010-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று இன்னொரு வாசலைத் திறந்தது. இரண்டாண்டுக்கு மேல் நோயின் சுவடே சோதனையில் தெரியாத 100 பேருக்கு இமாட்டினிப்பை நிறுத்திப் பார்த்தார்கள். ஓராண்டில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் திரும்பியது. மாத்திரையை மறுபடி தொடங்கியதும் அடங்கியது. இதை யாரும் தாமாகச் செய்துபார்க்கக் கூடாது. மருத்துவரே நிறுத்தச் சொன்னாலும், முதல் ஆண்டில் மாதந்தோறும் பி.சி.ஆர்-ஏ.பி.எல். பார்த்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகவே கூலியை எண்ணிப் பார்ப்பவருக்கு, ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை கோவை போவது என்பது மாத்திரையை விடக் கடினம். அதனால் நிறுத்தத் தகுதி பெற்றவர்களிலும் பலர், நிறுத்தாமலேயே ஒவ்வொரு இரவும் சாப்பாட்டுக்குப் பின் அந்த ஒரு மாத்திரையை எடுத்துக்கொள்கிறார்கள்.